'னு' இல்லாத வாக்கியம்

பெரணமல்லூரிலிருந்து வந்திருந்த ஒருவர், மகளின் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்ப்பதற்காக என் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை வீட்டார் பெயர்களுக்குப் பின்னால் வரும் படிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உங்க ஊர்ல இன்னாங்க, ஓட்டு கேக்க வந்த பொம்பளயே இப்டி பேசிகினு கீது? காலனிக்குத் தண்ணி வுடக் கூடாதாம்."

திரையில் இருந்தது என் மனைவி. முந்தின நாள் சாயங்காலம் கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. கையில் மைக். "காலனிக்குத் தண்ணி வுடக் கூடாது. வுட்டா நமக்குக் கொறஞ்சிடும்." அதோடு படம் நின்று, சிவப்பு எழுத்தில் 'இவருக்கா உங்கள் ஓட்டு?' என்று வந்தது. பிறகு தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடியது.

"அது என் வீட்டுக்காரம்மாங்க" என்றேன்.

அவர் போனைச் சட்டென்று பையில் போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியாதுங்க. எங்க மச்சான் குரூப்புல வந்தது. தப்பா நெனச்சுக்காதீங்க." கொஞ்ச நேரம் புரூஃபைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: "இருந்தாலும் அப்டி பேசியிருக்கக் கூடாதுங்க."

என் மனைவி அரசு சுகாதார நர்ஸாக வேலை பார்த்தவள். எங்கள் வார்டின் டவுன் பக்கத் தெருக்களும், அதே வார்டில் அவற்றை ஒட்டிய காலனியும் பல வருஷம் அவள் பொறுப்பில் இருந்தன. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் அலைவாள். முழங்கால் தேய்ந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் ஜுரம் என்றால், பிள்ளை பால் குடிக்கவில்லை என்றால், வீட்டுக்கு ஆள் வந்துவிடும். யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் நர்ஸம்மா.

நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். கட்சிக்காரர்கள் தங்கள் மனைவிமார்களை நிறுத்தினார்கள். அவள் சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொன்னபோது நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மனசில் இருந்தது ஒரே ஒரு விஷயம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குடிநீர்க் குழாய், நெசவுக்காரத் தெருக்களோடு நின்றுவிடும். அங்கிருந்து காலனி கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்குக் குழாய் போடாமலே காலம் ஓடிவிட்டது. காலனிக்கு லாரியில் தண்ணீர் வரும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கோடைக்குக் கோடை அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது.

"மருந்து குடுத்துகினே இருந்தா ஆச்சா? தண்ணிய மாத்தணும்" என்பாள்.

அவளுக்குத் தையல் மெஷின் சின்னம் கிடைத்தது. ஒரு ஆட்டோவும் ஒரு மைக்செட்டும்தான் எங்கள் பிரசாரம். முந்தின நாள் சாயங்காலம் காலனிக்குத் திரும்பும் தெருமுனையில் அவள் பேசினாள்; வேலை விட்டுப் போகிறவர்கள் யாரும் நின்று கேட்கவில்லை. அவள் பேசியது இதுதான்: "காலனிக்குத் தண்ணி வுடக் கூடாது, வுட்டா நமக்குக் கொறஞ்சிடும்னு டவுன் பக்கம் பேசறத என் காதால கேட்டிருக்கேன். அப்டி பேசற ஆளுங்கதான் இன்னிக்கு உங்க வாசல்ல வந்து கும்பிட்டுகினு நிக்கறாங்க."

நம் பாஷையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது, சொன்னது முதலில் வந்துவிடும். 'என்று' கடைசியில்தான் வரும். பேச்சில் அது வெறும் 'னு'. அந்த இடத்தில் கத்தரி வைத்திருந்தார்கள். அச்சுத் தொழிலில் ஓர் எழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு வரி கோணலாகும், ஒருவர் கோபப்படுவார், மறுபடி அச்சடித்துக் கொடுப்போம். இது அப்படி இல்லை. நிதானமாகக் கேட்டால், 'கொறஞ்சிடும்' முடிகிற இடத்தில் 'ன்' என்று மூக்கொலி ஆரம்பித்து அறுபடுவது கேட்கும். நான் எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டினேன். யார் காதிலும் அது விழவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவளிடம் அது வந்து சேர்ந்துவிட்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்திருந்தாள். பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டிருந்தான்.

"உன் புள்ள கேக்கறான், அம்மா அப்டி பேசினியான்னு" என்றாள். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

எங்கள் வார்டுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. நல்ல காரியத்துக்காக ஆரம்பித்தது. தண்ணீர் எப்போது விடுகிறார்கள், கரண்ட் எப்போது போகும், யார் இறந்தார்கள், எடுப்பு எப்போது என்று அதில்தான் தெரிந்துகொள்வோம். பட்டுப் புடவை வியாபாரம் செய்கிற ஒருவர் அதன் அட்மின். என்னிடம்தான் அவர் கடைக்கு அட்டைப்பெட்டி லேபிள் அச்சடிப்பார். மரியாதையான மனிதர். தேர்தல் வந்ததும் தண்ணீர்ச் செய்தி குறைந்து, கட்சிப் படங்களும் கேலிப் படங்களும் வர ஆரம்பித்திருந்தன. அந்த வெட்டிய துண்டும் அதில் கிடந்தது. கீழே கைதட்டும் பொம்மைகள், கோப முகங்கள்.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனேன்.

"நீங்க சொன்னா எடுத்துடறேங்க" என்றார். "ஆனா எடுத்து இன்னா ஆவப்போவுது? எல்லார் போனுக்கும் பூட்ச்சு. தேசூர்ல எங்க சம்பந்தி வீட்டுக்கே பூட்ச்சு."

"முழு வீடியோ இருக்குதுங்க. ஆட்டோக்காரர் எடுத்து வெச்சிருக்காரு. அத குரூப்புல போடுங்க, போதும்."

போட்டார். அது நீளமான வீடியோ. அதில் அவள் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசுகிறாள், குழாயின் விட்டத்தைப் பற்றிப் பேசுகிறாள், நடுவில் இருமுகிறாள், ஒரு மாடு குறுக்கே போகிறது. ஒரு கைதட்டும் பொம்மைகூட விழவில்லை. சாயங்காலம் எதிர்த்தரப்பு ஆள் ஒருவர், குரூப்பில் அரசியல் வேண்டாம் என்று எழுதினார். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். அட்மின் தகராறு வேண்டாம் என்று முழு வீடியோவை நீக்கிவிட்டார். வெட்டின துண்டு மேலே எங்கேயோ பழைய செய்திகளுக்குள் போயிருந்தது. அதை நீக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.

நான் கடையை மூடப் போகும்போது அவரே வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மனசு வுட்டுடாதீங்க. நர்ஸம்மா சொன்னதுல தப்பே இல்லங்க. தண்ணி இருக்கற தெருவுக்கே பத்தல. வெளிய சொல்லக் கூடாது, அவ்ளோதான். எங்க வீட்டு ஓட்டு மொத்தமும் அவங்களுக்குத்தான்."

நான் அவரிடம் என்னென்னவோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் அவள் பேச்சை மறைக்கப் பாடுபடுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "எங்கேர்ந்து கெளம்புச்சுன்னு கண்டுபுடிக்க நாளாவும் சார். அதுக்குள்ள எலெக்‌ஷன் முடிஞ்சிடும்" என்றார் அங்கிருந்தவர்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி அச்சடிப்பதுதான். 'வாக்காளப் பெருமக்களுக்கு ஒரு விளக்கம்' என்று தலைப்புப் போட்டு, அவள் பேசிய வாக்கியத்தை முழுதாகப் போட்டேன். அந்த 'னு'வை மட்டும் கொட்டை எழுத்தில் வைத்தேன். தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயர் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. போட்டேன். ஆட்டோக்காரரும் நானும் வீடு வீடாகக் கொடுத்தோம். வாங்கியவர்கள் மடித்து வைத்துக்கொண்டார்கள். சிலர் கையிலேயே விசிறிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் அந்த நோட்டீஸின் போட்டோ போனுக்குப் போன் ஓடிக்கொண்டிருந்தது. அதே தலைப்பு, அதே எழுத்து, அதே கட்டம். உள்ளே மட்டும் வேறு. 'நான் பேசியது உண்மைதான். டவுன் மக்களின் நன்மைக்காகவே அப்படிப் பேசினேன்.' கீழே என் அச்சகத்தின் பெயர். யாரோ வீட்டில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் செய்திருக்கிறார்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளிகூடப் பிசகவில்லை. அவ்வளவு சுத்தமாக நானே செய்திருப்பேனா என்று தெரியாது.

"பிரஸ் பேரே போட்டிருக்குதே" என்று டீக்கடையில் என்னிடமே ஒருவர் கேட்டார். என் பெயரை நானே போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"இனிமே பேப்பரும் வேணாம், போனும் வேணாம்" என்றாள் மனைவி. "நேர்ல போய் பேசறேன். அவங்களுக்கு என்னைத் தெரியாதா?"

காலனிக்கு நானும் கூடப் போனேன். லாரி வந்து போன நேரம். தெருவெல்லாம் ஈரமாக இருந்தது, குடங்கள் வாசல்களில் வரிசையாக இருந்தன. எங்களைப் பார்த்ததும் ஒரு பெண் மட்டும் எழுந்து வந்தாள். அவளுக்குத் தலைப்பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனபோது, ஆம்புலன்ஸில் வேலூர்வரை கூடவே போனவள் என் மனைவி. அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குக் கரும்பு கொண்டுவருவாள்.

"உக்காருங்க நர்ஸம்மா" என்று நாற்காலி போட்டாள். அதில் குறை வைக்கவில்லை.

"நீங்க எனக்குச் செஞ்சத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேங்க. ஆனா இத நான் கண்ணால பாத்தேனே."

"வெட்டிட்டாங்கம்மா. பின்னாடி பேசினத எடுத்துட்டாங்க."

"வெட்டினா வாய் மாறிடுமா நர்ஸம்மா? உங்க வாய்தானே, உங்க கொரலுதானே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டித்தான் கேட்டாள். தன் போனை எடுத்து, அந்தத் துண்டை என் மனைவிக்கே போட்டுக் காட்டினாள். என் மனைவி குனிந்து பார்த்தாள். அவள் முகம் அவளையே பார்த்துப் பேசியது. காலனிக்குத் தண்ணி வுடக் கூடாது. அது முடிந்து மறுபடி ஆரம்பிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் முழு வீடியோவை எடுத்துக் காட்டினேன். சுற்றி நின்றவர்களில் ஒரு இளைஞர், வேலூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர், பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"சார், நீங்க பிரஸ் வெச்சிருக்கீங்க. கம்ப்யூட்டர் இருக்குது. இந்த மாதிரி அப்புறமா பேசி ஒட்டிக்கறதெல்லாம் உங்களுக்குப் பெரிய வேலையா?"

"அப்ப மொதல்ல வந்தது மட்டும் நெசமாப்பா?"

"மொதல்ல வந்தத யாரு சார் ஒட்டப்போறாங்க? அது சும்மா போன்ல எடுத்தது."

இன்னொருவர், வயதானவர், சுவரோரம் உட்கார்ந்தபடியே சொன்னார்: "எல்லாருமே அப்டித்தாம்பா பேசிகினு இருக்காங்க. இந்தம்மா மைக்குல பேசிடிச்சு."

டவுன் பக்கம் அப்படித்தான் பேசினார்கள். தங்களை ஏமாற்றியவர்கள் வரிசையில் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்வது காலனிக்காரர்களுக்குக் கஷ்டமான காரியமா? வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்தவளாக இருந்தாலும், அவளும் டவுன் பக்கத்துக்காரிதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் கேட்டாள். "நான் நெஜமாவே 'னு' சொன்னேனா?"

"சொன்னே. நான் கேட்டேனே வீடியோல."

"அதப் பாத்துகினே இருந்தா எனக்கே சந்தேகமா இருக்குது."

தேர்தலில் தோற்றாள். தோற்பாள் என்று தெரிந்ததுதான். ஆனால் பூத் வாரியாக ஓட்டு எண்ணிச் சொன்னபோதுதான் இருவருக்கும் முகம் மாறிப்போனது. காலனி பூத்தில் அவளுக்கு விழுந்தது பேருக்கு. டவுன் பூத்தில் நாங்கள் நினைத்தே பார்க்காத அளவுக்கு விழுந்திருந்தது. அவள் எந்தத் தெருக்களில் கால் வைக்கத் தயங்கினாளோ, அங்கிருந்தெல்லாம் ஓட்டு வந்திருந்தது. பட்டுக்கடைக்காரர் வாக்குத் தவறவில்லை. அவளுக்கு விழுந்த ஓட்டில் பெரும்பகுதி, அவள் சொல்லாத வாக்கியத்துக்கு விழுந்தது.

"ஒரு ஓட்டுகூட விழாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஜெயித்தது கட்சி வேட்பாளர். கவுன்சிலர் வேலையை அந்த அம்மாளின் கணவர்தான் பார்க்கிறார். குழாய் வரவில்லை. வராததற்கு ஒவ்வொரு தடவை ஒவ்வொரு காரணம். யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. கேட்டால், "அன்னைக்கு அந்த நர்ஸம்மா கெடுத்துட்டாங்க" என்று சொல்ல ஒரு பேச்சு தயாராக இருந்தது. தோற்றுப்போனவள் எப்படிக் கெடுக்க முடியும் என்று நான் ஒருவரிடம் கேட்டேன். "ஆபீஸ்ல எல்லாம் அவங்களுக்கு ஆள் இருக்குதுங்க" என்றார். அப்படி ஒரு செய்தி வந்ததாம்.

அவள் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் ஊசி போட்ட பிள்ளைக்கு ஜுரம் விட்டதா என்று தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இப்போது வீட்டுக்கு வந்தால் மட்டும் பார்க்கிறாள். வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். மத்தியானங்களில் கட்டிலில் சாய்ந்து போன் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கும் அனுப்புவாள். பெரும்பாலும் மருத்துவக் குறிப்புகள், சாமி படங்கள்.

ஒருநாள் கவுன்சிலர் அம்மாளின் கணவர் யாரிடமோ பணம் வாங்குவதாக ஒரு துண்டு வந்தது. கை தெரிகிறது, கவர் தெரிகிறது, முகம் பாதி தெரிகிறது. அவள் அதை உறவுக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தாள்.

"இது நெஜம்தானான்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"அந்தாளு வாங்காமயா இருப்பான்?"

"வாங்குவான், வாங்க மாட்டான்னு சொல்லல. இந்த வீடியோ நெஜமான்னு கேட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், புரிந்தது. "எல்லாரும் போடறாங்க, நான் மட்டும் போடாம இருந்தா இன்னா ஆயிடப்போவுது?" என்றாள். அழிக்கவில்லை. நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அச்சகத்தில் வேலை இருந்தது.

போன வருஷம், ஆம்புலன்ஸில் போன அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். அரசாங்கத் திட்டத்தில் காலனியில் தளம் போட்ட மெத்தை வீடு கட்டியிருந்தார்கள். புதுமனை புகுவிழாப் பத்திரிகையை வேறு இடத்தில் அடித்திருந்தாள். அதற்காகச் சங்கடப்பட்டு, தாம்பாளத்தை நீட்டும்போது என் பக்கம் பார்க்கவில்லை. தேர்தலுக்குப் பிறகு அன்றுதான் எங்கள் வாசல்படி ஏறுகிறாள்.

என் மனைவி குங்குமம் கொடுத்தாள், காபி போட்டாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டிப்பா வரணும் நர்ஸம்மா. அன்னைக்குப் பேசினத எல்லாம் நாங்க மனசுல வெச்சுக்கல. மறந்துட்டோம். ஏதோ நேரம், வாய் தவறி வந்துடிச்சு. மனுஷங்கதானே."

அவள் கண் கலங்கியிருந்தது. மனசாரத்தான் சொன்னாள். மன்னிப்பதற்கு அவள் எத்தனை நாள் தன்னோடு தானே போராடியிருப்பாள் என்று அந்த முகத்தில் தெரிந்தது.

நான் வாயைத் திறந்தேன். மனைவி என்னைப் பார்க்காமலேயே கையை லேசாக அசைத்தாள்.

"சரிம்மா. வரேன்" என்றாள்.

அந்தப் பெண் போன பிறகு நான் மனைவியிடம் கேட்டேன். "ஏன் ஒத்துக்கினே?"

"இல்லன்னு சொன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அவ வந்த வழியே போயிடுவா." டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளேயிருந்து சொன்னாள்: "தப்பு பண்ணேன்னு வெச்சுகினாத்தான் கூப்பிடறாங்க. வெச்சுக்கட்டும்."

விழாவுக்குப் போனோம். காலை வெயில் ஏறுவதற்குள் பந்தி ஆரம்பித்துவிட்டது. வீடு சின்னது, சுண்ணாம்பு வாசனை போகவில்லை. அந்தப் பெண் எங்களை அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். சமையலறையில் பளபளவென்று ஒரு குழாய் வைத்திருந்தார்கள்.

"லைன் வந்தா கனெக்‌ஷன் குடுத்துக்கலாம்னு இப்பவே வெச்சுட்டோம் நர்ஸம்மா" என்றாள்.

"நல்லா இருக்குதும்மா" என்றாள் என் மனைவி.

சாப்பிட்டு எழுந்தபோது, வாசலில் இருந்த நீல டிரம்மிலிருந்து ஒருவர் சொம்பில் மொண்டு மொண்டு எல்லோர் கையிலும் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீரைச் சிக்கனமாகத்தான் விட்டார். என் மனைவி அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, பந்தலில் அந்தப் பெண்ணின் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கிழவி தன் முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டாள். போனில் ஏதோ எண்ணெய் பற்றி வந்ததாம், அதைத் தடவிக்கொண்டிருக்கிறாளாம். என் மனைவி அவள் காலைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். "தடவுங்க, ஒண்ணும் ஆவாது" என்றாள்.